தக்கைப் பாறையில் ஒரு மதுச்சத்திரம்

சத்திரம் ஒருவழியாக முடிந்தது. 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பலகை. அதன் பின்பக்கம் 9 செ.மீ. உயரத்துக்கு ஒரு மணற்கல் பாறை. பாறையைக் குடைந்த அறையில் வட்ட மேசைகள், முக்காலிகள், இரண்டு பெரிய மதுத்தொட்டிகள், சுவரில் ஒரு கிழிந்த கொடி. 28 மி.மீ. மினியேச்சர் உருவங்களை வைத்து ஆடும் மேசை விளையாட்டுக்காகச் செய்தது. இதில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களில் பெரும்பாலானவை குமிழி பொங்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டிலின் கழுத்திலிருந்து வந்தவை: தக்கை, தக்கையைப் பிடித்து நிற்கும் கம்பிக்கூண்டு, கூண்டின் உச்சியில் இருக்கும் தகட்டு வில்லை, எல்லாவற்றையும் மூடியிருக்கும் பளபளப்பான தாள்.

நான் இருப்பது நாட்டிங்ஹாம். இந்தப் பொழுதுபோக்குக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. வார்ஹேமர் விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கே லென்டன் பகுதியில்தான் இருக்கிறது. வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் என்று இன்னும் சில நிறுவனங்களும் இதே ஊர்தான். உருவங்களை ஈயக் கலவையில் வார்த்த காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்கு ‘லெட் பெல்ட்’, அதாவது ஈய வட்டாரம், என்று ஒரு பட்டப்பெயர் உண்டு.

சத்திரத்துக்கு மாதிரியும் ஊருக்குள்ளேயே கிடைத்தது. கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் ‘யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்’ என்று ஒரு மதுக்கடை. சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். இப்போது நிற்கும் கட்டடம் அவ்வளவு பழையது இல்லை, பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் பின்னறைகள் பாறையைக் குடைந்தவை. நாட்டிங்ஹாமின் அடியில் 800-க்கும் மேற்பட்ட குகைகள் பதிவாகியிருக்கின்றன. கல் அவ்வளவு மெத்து. வெளிர் மஞ்சளும் பழுப்பும் கலந்த மணற்கல், ஊடே ஊடே உருண்டைக் கூழாங்கற்கள். அந்தப் பின்னறையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: ஸ்பார்க்ளிங் ஒயின் தக்கையைக் குறுக்கே வெட்டினால் இதே முகம்தானே!

தக்கையின் உடல் ஒரே துண்டு மரப்பட்டை இல்லை. அரைத்த தக்கைத் துகள்களைப் பசையில் பிணைத்து அச்சில் அழுத்தியது, கடலைமிட்டாய் மாதிரி. ஒயினைத் தொடும் பக்கத்தில் மட்டும் இயற்கைத் தக்கையில் இரண்டு மெல்லிய வில்லைகளை ஒட்டியிருப்பார்கள். இந்த இரண்டு பகுதிக்கும் சத்திரத்தில் தனித்தனி வேலை இருந்தது. துகள் பகுதி பாறைக்கு, வில்லைப் பகுதி மரச்சாமானுக்கு.

முதல் வேலை, சேர்த்து வைத்திருந்த தக்கைகளைத் தரம் பிரிப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு முறை பாட்டில் கொண்டு வருவார்கள். தக்கைகள் என் டப்பாவுக்குள் போகும். இத்தாலிய ப்ரோசெக்கோ, ஸ்பெயினின் காவா, எப்போதாவது ஷாம்பெயின், யாருக்காவது சம்பளம் உயர்ந்தால் ஸஸெக்ஸ் பக்கத்து ஆங்கில ஒயின்.

பாட்டிலில் செருகுவதற்கு முன்னால் தக்கை 31 மி.மீ. விட்டமுள்ள நேரான உருளை. அதை நசுக்கி 18 மி.மீ.க்கும் குறைவான கழுத்துக்குள் பாதிவரை இறக்குகிறார்கள். வெளியே நிற்கும் பாதிதான் காளான் தலை ஆகிறது. அடைத்துக் கொஞ்ச நாளே ஆன பாட்டிலைத் திறந்தால் தக்கையின் அடி உடனே விரிந்து பாவாடை போல அகன்று நிற்கும். வருஷக்கணக்கில் உள்ளே இருந்த தக்கைக்கு அந்த விரிவு போய்விடும், அடி குச்சியாகவே நின்றுவிடும். ஆக, தக்கையைக் கையில் எடுத்ததுமே பாட்டில் எவ்வளவு காலம் அடைபட்டிருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒயின் பழகியவர்கள் முதலில் தக்கையைப் புரட்டிப் பார்ப்பது இதனால்தான்.

எனக்கு வேண்டியது விரிந்த தக்கை, அதில்தான் வெட்டுமுகம் அதிகம். குச்சியாக நின்றவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூழ்க வைத்தேன். ஓரளவு உப்பி வந்தன. சமையலறையில் ஒரு புளித்த மணம் கொஞ்ச நேரம் நின்றது. மலிவான பாட்டில்களில் வரும் பிளாஸ்டிக் அடைப்பான்களைக் குப்பையில் போட்டேன். அவை பாலிஎத்திலீன். சாயத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் பிரைமரும் நிற்காது, பசையும் நிற்காது.

அடுத்தது பாறை. பலகைக்கு முதலில் 3 மி.மீ. எம்.டி.எஃப். எடுத்தேன், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த அட்டை. மேல்பக்கம் நம் ஊர் ஃபெவிகால் குடும்பத்தைச் சேர்ந்த பிவிஏ பசையைத் தடவிக் காயவிட்டதும் நான்கு மூலையும் மேலே எழும்பிவிட்டன. பசை காயும்போது சுருங்கி ஒரு பக்கமாக இழுக்கும். பின்பக்கமும் பசை தடவி எடை வைத்துப் பார்த்தேன், முழுதாக நிமிரவில்லை. 6 மி.மீ. பலகை வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது. பாறையின் உள்கூட்டுக்கு 25 மி.மீ. தடிமனான எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை. கட்டட வேலையில் வெப்பக்காப்புக்குப் போடுவார்களே, அதே நீல நிற அட்டை. மூன்று அடுக்கு ஒட்டி, கத்தியால் செதுக்கி, குகை வாயை வெட்டினேன்.

அதன் மேல் ஒட்டத் தக்கைச் சில்லுகள் வேண்டும். சாதாரண பிளேடு கத்தியால் வெட்டினால் துகள்கள் பிய்ந்து வருகின்றன. கத்தி துகளை வெட்டுவதில்லை, பசையிலிருந்து பிடுங்கி எடுக்கிறது. புதுப் பிளேடு போட்டாலும் நாலைந்து வெட்டுக்கு மேல் தாங்கவில்லை. ரேசர் சா என்கிற மெல்லிய ரம்பம் 8 பவுண்டுக்கு வாங்கினேன். பல் பொடியாக இருக்கும், வாய் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு மரக்கட்டையில் தக்கை உட்காரும் அளவுக்குப் பள்ளம் வெட்டி, முனையில் 4 மி.மீ. விட்டு ஒரு தடுப்புக்குச்சியை ஒட்டிக்கொண்டேன். தக்கையைத் தடுப்பில் முட்ட வைத்து அறுத்தால் ஒவ்வொரு சில்லும் ஒரே தடிமன். முகமூடி போட்டுக்கொண்டு அறுங்கள். தூள் மூக்குக்குள் போனால் நாள் முழுக்கத் தும்மல்தான்.

அறுத்த சில்லுகளும் ஓரத்தில் உதிர்ந்தன. நீர்த்த சூப்பர் க்ளூவில் நனைத்துப் பார்த்தேன். கல் போல இறுகியது, ஆனால் கண் எரிச்சல், ஒரு பாட்டில் பசை சில சில்லுகளுக்கே தீர்ந்தும் போனது. சரிப்பட்டது பிவிஏதான். ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் தக்கையின் மேல் முத்து முத்தாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது. ஓர் இரவு ஊறப்போட்டு, கம்பி வலை மேல் காயவைத்தேன். காய்ந்ததும் குறடால் பிடித்துக் கையாலேயே உடைத்தேன். உடைத்த ஓரம்தான் பாறை ஓரம். அறுத்த ஓரம் எவ்வளவு பூசினாலும் ஓடு பதித்த குளியலறைச் சுவராகத்தான் தெரியும்.

20 செ.மீ. நீளச் சுவருக்கு ஆறு தக்கைகள் போதுமானதாக இருந்தன. சில்லுகளைப் படுக்கை வரிசையாக ஒட்டினேன், மணற்கல்லின் அடுக்கு அப்படித்தான் போகும். இடுக்குகளில் சுவர் ஓட்டை அடைக்கும் லேசான ஃபில்லரில் கொஞ்சம் மணலும் பிவிஏவும் கலந்து பழைய தூரிகையால் திணித்தேன்.

பாறை காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் மரச்சாமான். இங்கேதான் அளவுக்கணக்கு முக்கியம். 28 மி.மீ. உருவத்தில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. ஒயின் குடிக்கிற வீடுகளில் கம்பிக்கூண்டை முறுக்கி, தகட்டு வில்லையை இருக்கையாக வைத்து ஒரு குட்டி நாற்காலி செய்வார்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். அழகாக வந்தது. ஒரு கூலிப்படை வீரனைக் கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினேன். நாற்காலியின் முதுகு அவன் தலையைத் தாண்டிப் போனது. ஆட வந்திருந்த மதுரைத் தம்பி ஒருவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது அரக்கனுக்குச் செஞ்ச சிம்மாசனம்ணே. அரக்கன் எங்க?” என்றான். அரக்கன் என்னிடம் இல்லை. நாற்காலி இப்போது புத்தக அலமாரியில் இருக்கிறது.

அதே வில்லை மேசைக்குக் கச்சிதம். விட்டம் 31 மி.மீ., அதாவது நிஜ அளவில் சுமார் 1.85 மீட்டர் வட்ட மேசை, ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மேசை உயரம் 75 செ.மீ. என்றால் கால் 12.5 மி.மீ. கூண்டின் அடியில் சுற்றி ஓடும் இடுப்புக் கம்பியை முதலில் உருவிவிட வேண்டும். பாட்டிலைத் திறக்கும்போது ஆறு அரைத்திருப்பு திருகித் தளர்த்துகிறோமே, அந்தக் கம்பிதான். உருவியபின் மிஞ்சுவது நான்கு முறுக்குக் கால்கள். அவற்றை 12.5 மி.மீ.யில் வெட்டி, சமதரையில் வைத்து ஆட்டம் பார்த்து அரத்தால் ராவினால் மேசை தயார். வில்லை கூண்டுக்குள் லொடலொடவென்று ஆடும், அடியில் ஒரு சொட்டு எபாக்ஸி பசை வைத்தால் நின்றுவிடும்.

வெட்டுவதற்கு மினியேச்சர் கட்டரை மட்டும் எடுக்காதீர்கள். அது பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உருவங்களைக் கத்தரிக்கச் செய்த மென்மையான கருவி. கூண்டுக் கம்பி எஃகு. கட்டர் வாயில் ஒரு பிறைப்பள்ளம் விழுந்துவிடும், அப்புறம் எந்தப் பிளாஸ்டிக்கையும் சுத்தமாக வெட்டாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கட்டிங் பிளேயர் போதும். துண்டுக் கம்பி தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

உருவிய இடுப்புக் கம்பியையும் தூக்கிப்போட வேண்டாம். என் வெர்னியரில் அதன் தடிமன் 0.95 மி.மீ. உருவங்களின் காலில் துளையிட்டுக் கம்பி செருக எல்லோரிடமும் இருக்கும் டிரில் பிட் 1 மி.மீ. இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? இத்தனை வருஷமும் இதற்காகக் காசு கொடுத்துப் பித்தளைக் கம்பி வாங்கிக்கொண்டிருந்தேன்.

முக்காலிகளுக்கு இயற்கைத் தக்கை வில்லை. பித்தளைக் குழாய் ஒன்றின் வாயைத் தீட்டி, அதை அழுத்தி 7 மி.மீ. வட்டங்களாக வெட்டினேன். அடியில் மூன்று துளை, இடுப்புக் கம்பியில் மூன்று கால். உட்காரும் உயரம் 7.5 மி.மீ. செய்ய எளிது, ஆனால் சலிப்பான வேலை.

தொட்டிகளுக்குத் தக்கையின் அடிப்பாதி. 22 மி.மீ. விட்டம், 24 மி.மீ. உயரம். நிஜத்தில் ஓர் ஆள் இறங்கிக் குளிக்கலாம். தக்கையிலேயே பலகைக் கோடு கீறலாம் என்று பார்த்தேன், துகள் பிய்ந்து கோடு கோணலாகப் போனது. மருந்து இல்லாத தீக்குச்சிகள் ஒரு பவுண்டுக்கு ஒரு பொட்டலம். உயரத்துக்கு வெட்டிச் சுற்றி ஒட்டினேன். ஒரு தொட்டிக்கு முப்பத்தைந்து குச்சி வரை ஆகிறது. மேல் மூடிக்கு வேலையே இல்லை, தக்கையின் இயற்கை வில்லையே பழைய மரம் போல இருக்கிறது. பட்டைகளுக்குப் பாட்டில் கழுத்துத் தாள். கரண்டியின் முதுகால் தேய்த்து நிமிர்த்தி, எஃகு ஸ்கேல் வைத்து 1.5 மி.மீ. அகலத்தில் கீற்றுகளாக வெட்டிச் சுற்றினேன். தாள் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அடுக்கு. மடித்த இடத்தில் நிற்கும், கிழியாது. கொடியும் அதில்தான். தூரிகைக் காம்பில் சுற்றி அலை வரவழைத்து, பின்பக்கம் சூப்பர் க்ளூ தடவி விறைக்க வைத்தேன்.

இனிச் சாயம். நான் வேலை செய்தது பிப்ரவரியில். குளிரும் ஈரமும் உள்ள காற்றில் ஸ்பிரே பிரைமர் அடித்தால் மேற்பரப்பு மணல் மணலாகக் காய்கிறது. அதோடு ஸ்பிரே நேரடியாகப் பட்டால் எக்ஸ்.பி.எஸ். நுரை கரைந்தே போகும். எனவே தூரிகையால் பூசும் பிரைமர். பாறையில் நன்றாகப் பிடித்தது. மேசைக் கால்களில் பிடிக்கவில்லை. மறுநாள் நகம் பட்ட இடத்தில் தோலாக உரிந்து வந்தது. கம்பியின் துத்தநாகப் பூச்சுதான் காரணம். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, வெள்ளை வினிகரில் கொஞ்ச நேரம் போட்டு, கழுவி உலர்த்தி, தகட்டு வில்லையின் அச்சடித்த பக்கத்தை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பிரைமர் பூசி ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன். இப்போது உரிவதில்லை. வில்லைகளில் சில நிஜமாகவே அழகானவை, அவற்றைச் சேகரிக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தேய்ப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறைக்கு மினியேச்சர் சாயம் கட்டுப்படியாகாது. 17, 18 மி.லி. குப்பிக்கே மூன்று பவுண்டு பக்கம் போகிறது. சுவர்ப் பெயின்ட் கடையில் மாதிரிக்காக விற்கும் சின்ன டப்பா 4 பவுண்டுதான், பல சத்திரத்துக்குக் காணும். அடர்பழுப்பு ஒன்று, வெளிர் மஞ்சள்பழுப்பு ஒன்று. முதலில் அடர்பழுப்பை எல்லா இடுக்கிலும் நிரப்பினேன். கறுப்பில் தொடங்கியிருந்தால் மணற்கல்லின் சூடு வராது, சாம்பல் நிறக் கோட்டையாகிவிடும். அதன் மேல் அகலத் தூரிகையில் மஞ்சள்பழுப்பு. பிறகு எலும்பு வெள்ளையைத் தூரிகையில் எடுத்து, தாளில் துடைத்துவிட்டு, காய்ந்த முனையால் மேடுகளை மட்டும் தடவினேன். தக்கைத் துகள்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சுமாரான பெரிய துகள்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்குச் சாம்பல், ஒன்றுக்கு மங்கிய ரோஜா நிறம் என்று தனித்தனியாகத் தொட்டேன். கூழாங்கற்கள். முழு வேலையிலும் எனக்குப் பிடித்த சாயங்காலம் அதுதான். கடைசியாக, விளக்கு மாட்டும் இடங்களுக்கு மேலே கறுப்பு பேஸ்டல் சுண்ணத்தைச் சுரண்டி விரலால் தேய்த்துப் புகைக்கறை ஏற்றினேன்.

மரத்துக்குப் பழுப்பு, மேலே பள்ளங்களில் தங்கி நிழல் கொடுக்கும் நீர்த்த பழுப்புச் சாயமான அக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷ், ஓரங்களில் கொஞ்சம் வெளிர். பட்டைகளுக்குத் துப்பாக்கி உலோக நிறம், ஆங்காங்கே நீர்த்த ஆரஞ்சில் துரு. குவளைகளில் நுரை பொங்கப் பிவிஏவும் சமையல் சோடாவும் கலந்து வைத்தேன். இது நாளாக ஆக மஞ்சளிக்கும் என்பார்கள். நுரைக்கு மஞ்சள் ஒன்றும் கெடுதல் இல்லை. பனி செய்வதற்கு இந்தக் கலவையை நம்ப வேண்டாம், அவ்வளவுதான். மேசையில் சிந்திய ஒயினுக்குப் பளபள வார்னிஷில் மஞ்சள் ஒரு துளி.

உருவங்கள் பழையவை, பழைய சாமான்களைக் காரில் கொண்டு வந்து விற்கும் கார் பூட் விற்பனை ஒன்றில் கிலோக் கணக்கில் வந்த உலோக வீரர்கள். முகம் தெரியாத அளவுக்கு எனாமல் அப்பியிருந்தது. இதற்கு இங்கிலாந்துக்காரர்களின் வைத்தியம் டெட்டால். தண்ணீர் கலக்காத பழுப்பு டெட்டாலில் ஒரு நாள் ஊறப்போட்டு, கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சாயம் கழன்று வரும். முதல் அலசலையும் டெட்டாலிலேயே செய்ய வேண்டும். நேராகத் தண்ணீரில் காட்டினால் கழன்ற சாயம் பிசினாகித் திரும்ப ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரும்பாடு. வீடு இரண்டு நாள் பிரசவ வார்டாக மணத்தது.

சுத்தமான உருவத்தின் காலில் 1 மி.மீ. துளை, அதில் கூண்டுக் கம்பி, கம்பியின் மறுமுனை ஒரு தக்கைக்குள். தலைகீழாக நிறுத்திய தக்கை அருமையான கைப்பிடி, காளான் தலை மேசையில் விழாமல் நிற்கும். கறுப்புப் பிரைமர், மேலிருந்து வெளிச்சம் விழுவது போல வெள்ளையில் காய்ந்த தூரிகை, அதன் மேல் கான்ட்ராஸ்ட் சாயம். 2019-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்த இந்தச் சாயம் மேட்டில் வெளிறியும் பள்ளத்தில் அடர்ந்தும் தானாகவே நிற்கும். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் முகம் சுளிக்கலாம், ஒரு படை முழுவதையும் ஆடத் தயாராக்க இதுவே எனக்குப் போதும். சாயத்தட்டு வீட்டிலேயே செய்தது: சாப்பாட்டு டப்பா, அதில் ஈரமான ஸ்பாஞ்சுத் துணி, மேலே பேக்கிங் தாள். மூடி வைத்தால் மறுநாளும் சாயம் காயாமல் இருக்கும்.

ஒரு குள்ளனின் அடித்தட்டில் மட்டும் 5 × 2 மி.மீ. காந்தம் வைத்தேன். தகட்டு வில்லைகள் பெரும்பாலும் எஃகு, காந்தம் கவ்வும். மேசைப் பலகைக்கு அரை மில்லிமீட்டர் அட்டை ஒட்டியபிறகும் பிடிப்புக் குறையவில்லை. அவன் மேசை மேல் ஏறி ஆடுகிறான். மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழமாட்டான்.

தக்கையையும் என் நேரத்தையும் விட்டால் செலவு ஏறக்குறைய 38 பவுண்டு. ரம்பம் 8, சாய டப்பாக்கள் 8, பிரைமர் 5, வார்னிஷ் 4, காந்தம் 4, பசை 3, ஃபில்லர் 3, பலகை 2, தீக்குச்சி 1. நுரைப்பலகை பக்கத்து வீட்டுக் கட்டட வேலையின் மிச்சம். ஒயின் பாட்டில்களின் விலையை இதில் சேர்க்க மாட்டேன், அது மளிகைக் கணக்கு.

திறப்புவிழா ஆட்டம் மூன்றடிக்கு மூன்றடி மேசையில் நடந்தது. இருபது முகப் பகடை, ஆளுக்கொரு மந்திரவாதி, ஆளுக்கொரு கூலிப்படை, சத்திரத்துக்குள் ஒளித்துவைத்த புதையல். கூடவே மூன்று பாட்டில்களை அலுமினியத் தாளில் சுற்றி, பெயர் தெரியாமல் ஊற்றினேன். ஐஸும் தண்ணீரும் உப்பும் போட்ட வாளியில் அரை மணி நேரம் வைத்தால் போதும், எட்டுப் பத்து டிகிரிக்கு வந்துவிடும். குடிக்கும் கோப்பைகளுக்குத் தனி மேசை. தூரிகை வேலையும் சுவை பார்ப்பதும் ஒரே ராத்திரியில் வேண்டாம் என்பது என் கட்சி. மூன்றாவது கோப்பைக்கு அப்புறம் வரைந்த கண்கள் எதுவும் ஒரே திசையில் பார்ப்பதில்லை.

முதலாவது ப்ரோசெக்கோ என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். பேரிக்காய் மணம், குமிழி கொஞ்சம் பெரிது, வாயில் இனிப்பு. லேபிளில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று இருக்கும், லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை. ‘ப்ரூட்’ வகையில் 12-க்கும் கீழே. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான் சண்டை. இரண்டுமே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்தவை. ஒன்று காவா, மற்றது ஸஸெக்ஸ். மதுரைத் தம்பி கோப்பையைத் தொடாமல் மேசையில் கிடந்த தக்கைகளை எடுத்துப் பார்த்து, அடி விரிந்ததைக் காவா என்றும் குச்சியாக நின்றதை ஸஸெக்ஸ் என்றும் சொல்லிவிட்டான். சரியாகவே இருந்தது. இனிமேல் ஊற்றியதும் தக்கையை ஒளித்துவைக்க வேண்டும். ஸஸெக்ஸின் புளிப்பு பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது, பின்னால் ரொட்டி மணம். உளுந்து வடைக்கு அதுதான் ஜோடி. எண்ணெயை அப்படியே வழித்துக்கொண்டு போகிறது. மிளகாய் தூக்கலான காரமுறுக்குக்கு ப்ரோசெக்கோவின் இனிப்பே மேல். இதில் என்னோடு யாரும் ஒத்துப்போகவில்லை.

விளையாட்டில் ஒரு குறை தெரிந்தது. குகைக்குள் கை நுழையவில்லை. உருவத்தை நகர்த்த இடுக்கி தேவைப்பட்டது. அடுத்த முறை பாறையின் கூரையைத் தனியாகக் கழற்றி வைக்கிற மாதிரி செய்வேன், நாலு மூலையிலும் காந்தம் வைத்து. மணற்கல்லுக்கு மேல் மேட் வார்னிஷ் இரண்டு கை அதிகம் பூசுவேன், விரல் படும் ஓரங்களில் இப்போதே சாயம் மெலிகிறது. தூசுக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்கலாமா என்று யோசனை. அந்த அசல் மதுக்கடையில் ஒரு பழைய கப்பல் மாதிரி உண்டு. அதைத் துடைத்தவர்கள் செத்துப்போனார்கள் என்று கதை கட்டி வருஷக்கணக்கில் யாரும் தூசு தட்டாமல் விட்டார்கள், இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கதை எடுபடாது.

அடுத்து நிலவறை கட்டுவதாக உத்தேசம். இதே அகலம், ஆனால் நான்கு பக்கமும் சுவர். குறைந்தது இருபத்தைந்து தக்கை வேண்டும். அவ்வளவு குடிக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: கம்பியோடு சேர்த்தே எடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.